பெரக்கரை நாடு – சிங்கப்பூர்: பிரயாண தூரமும் காலமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மலைநாடுகளுள் ஒன்றாகிய பெரக்கரை நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் மார்க்கம், மலையிறக்கம், சமவெளிச் சாலை, வான்வழி என்னும் மூன்று பகுதிகளை உடையது. இவற்றுள் தூரத்தில் மிகச் சிறியவையாகிய முதலிரு பகுதிகளும் காலத்தில் மூன்றாவதற்கு ஒப்பாக நிற்பதே இம்மார்க்கத்தின் விசேஷமாகும்.

மலைச்சாலை அமைவதற்கு முன்னர், மிளகும் பலாவும் வாழையும் தலைச்சுமையாகவே ஒற்றையடிப் பாதைகளில் அடிவாரத்துக்கு இறங்கின. நடக்க இயலாத நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்தே ஊரார் கீழே கொண்டுசேர்த்தனர். பிற்காலத்தில் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு வகுக்கப்பட்ட சாலையோ, 70 கொண்டை ஊசி வளைவுகளால் மலையின் செங்குத்தை வென்றது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைக் காட்டும் பலகை நிற்கிறது. மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட, பஸ் ஓட்டுநர் கியரைக் குறைத்து, ஹாரன் ஒலித்து, பக்கச் சுவரை உரசிவிடாமல் அரை வட்டமாகத் திருப்பும் அந்த இடங்களில், வேகம் என்பது பேச்சுக்கும் இடமில்லாதது. தாலுகா தலைமையிடமாகிய செம்மேட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடையே சுமார் 55 கி.மீ. தூரமே உளதாயினும், பஸ்ஸில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆவது இதனாலேயே. முள்ளுக்குறிச்சி வழியாக வளைவுகள் குறைந்த மற்றொரு சாலையும் உண்டு.

சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் 1993இல் விமான நிலையம் திறக்கப்பட்டதெனினும் அங்கே சேவை விட்டுவிட்டே நடைபெற்றமையால், அயல்நாடு செல்வோர்க்குத் திருச்சிராப்பள்ளியே வாயிலாயிற்று. மலையுச்சியிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ.தான், நாமக்கல், முசிறி வழியாகச் சுற்றிவரும் சாலையோ அதனினும் இருமடங்கு.

கடல் கடக்கும் பகுதியின் சரித்திரம் வேறு. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையும் நாகப்பட்டினமும் விட்டுப் பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் கொண்டது. தமிழ்த் தொழிலாளரும் வியாபாரிகளும் பல தலைமுறைகளாகத் திறந்த தளத்தில் படுத்தே அக்கடலைக் கடந்தனர். ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீவிபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கப்பல் பிரயாணம் முடிவுற்றது. அதற்குள் வான்வழி வேரூன்றிவிட்டது: ஏர் இந்தியா 1954இலேயே சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியிருந்தது. இன்று திருச்சிராப்பள்ளிக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,980 கி.மீ.; அதை விமானம் நான்கு மணி நேரத்தை ஒட்டிய காலத்தில் கடந்துவிடுகிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதினும் இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து கழித்துப் பார்ப்போர்க்குப் பிரயாணம் ஆறரை மணி நேரம்போல் தோன்றும்.

பஸ் மாறும் தாமதத்தையும், புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கவேண்டிய விதியையும் கூட்டினால், காலையில் மலையை விட்டவர் இரவு விமானத்தையே நம்பலாம். ஆகவே, மலைநாட்டார்க்குப் பிரயாண அட்டவணை வகுப்போர், விமானத்தின் நான்கு மணி நேரத்தை மட்டும் எழுதி நிறுத்தாமல், சோளக்காட்டு இறக்கத்தின் நேரத்தையும் அதன் பக்கத்திலேயே குறித்துத் தருவார்களாக.