பெருவாய் மீன் போன பாதை

1932 ஜூன் 2ஆம் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மழை. வயலெல்லாம் சேறு, உழவு நடக்காது. ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, நண்பர் ஒருவரோடு மாண்ட்கோமரி ஏரிக்குத் தூண்டில் போடக் கிளம்பினார். ஏரி என்பது பெயருக்குத்தான். ஓக்மல்கி ஆறு பழைய தடத்தை விட்டு விலகியபோது பின்தங்கிவிட்ட வளைந்த தேக்கம் அது. இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில்கழி, ஒரே போலி மீன். மாற்றி மாற்றி வீசினார்கள். பெர்ரியின் முறை வந்தபோது இழுத்தது ஒரு லார்ஜ்மவுத் பாஸ். ஹெலினா என்ற சிற்றூரில் எடை போட்டார்கள்: 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அந்த எடை போய்ச் சேர்ந்தது. 75 டாலர் மதிப்புள்ள சாமான்கள் பரிசாக வந்தன. பொருளாதாரம் படுத்திருந்த காலம். மீனைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. அது குடும்பத்தின் அடுப்பங்கரைக்குப் போயிற்று.

2009 ஜூலை 2ஆம் தேதி, ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் இன்னொரு லார்ஜ்மவுத் பாஸைக் கரை சேர்த்தார். எடை 10.12 கிலோ. பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸ் அளவுக்குக்கூட அதிகம் இல்லை. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது சர்வதேச தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் விதி. ஆறு மாத விசாரணை நடந்தது. குரிதாவை உண்மையறியும் சோதனைக்குக்கூட உட்படுத்தினார்கள். 2010 ஜனவரியில் இருவருக்கும் சமபங்கு என்று தீர்ப்பு வந்தது. இரண்டு மீன்களும் கோடையில் சிக்கியவை. இரண்டுக்கும் நடுவே 77 ஆண்டுகள், ஒரு பசிபிக் பெருங்கடல். அந்தக் கடலை இந்த மீன் நீந்திக் கடக்கவில்லை. உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது. போன இடத்துக்கெல்லாம் அதை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போனார்.

லார்ஜ்மவுத் பாஸ் கிழக்கு அமெரிக்காவின் சோம்பலான நீர்நிலைகளில் பிறந்து வளர்ந்தது. பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும் மேல்தாடை. வாய் சட்டென்று விரியும்போது எதிரே இருக்கும் தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபடும். கடிப்பதைவிட விழுங்குவதுதான் அதன் வழக்கம். சின்ன மீன், நண்டு, தவளை, எலி, வாத்துக்குஞ்சு என்று வாய்க்குள் அடங்கும் எதுவும் தப்பாது. குஞ்சு காப்பதில் நம் விராலைப் போல: ஆண் மீன் மணலைத் துடைத்துக் கூடு அமைத்து, முட்டை பொரிந்த பிறகும் பார்ப்புக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் நிற்கும். இந்த இரண்டு குணங்களும், அதாவது எதையும் தின்னும் வாயும் குஞ்சைக் கைவிடாத தகப்பனும், பின்னால் அது போய் இறங்கிய ஊர்களுக்கெல்லாம் பெரிய விஷயமாக ஆயின. 1802இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய பிரெஞ்சு அறிஞர் லசெபேத் அந்த மீனைக் கண்ணால் கண்டவர் அல்லர். தென் கரோலினாவிலிருந்து வந்த குறிப்பும் படமும் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

இதன் தெற்கத்திக் கிளைதான் புளோரிடா பாஸ். வடக்கே உள்ள உறவினரைவிட இது பெரிதாக வளரும். தெற்குப் புளோரிடாவில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். எவர்கிளேட்ஸ் சதுப்பை வடிப்பதற்காக வெட்டிய நீளமான கால்வாய்கள் அங்கே குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. சதுப்பு வற்றும் மாதங்களில் மீனெல்லாம் கால்வாயில் வந்து நெருக்கியடிக்கும். அப்போது தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். மழை பெய்து சதுப்பு நிரம்பியதும் மீன்கள் புல்வெளித் தண்ணீருக்குள் பரவிவிடும். தேடிப் பிடிக்க வேண்டும்.

கோடையில் பாஸ் பிடிப்பது ஆக்சிஜனைக் கணக்குப் போடும் வேலை. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும் என்றால், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். சூடு ஏற ஏற மீனின் உடம்பு கேட்கும் காற்று கூடும். தண்ணீரில் கிடைக்கும் காற்று குறையும். அதனால் நடுப்பகலில் பெரிய மீன் அசையாது. அல்லி இலைக்கடியிலோ, பாலத்தின் நிழலிலோ, மதகிலிருந்து தண்ணீர் விழுந்து ஓடும் இடத்திலோ ஒதுங்கி நிற்கும். ஆழமான ஏரியில் இன்னும் கீழே போய்விடலாம் என்றால் அதுவும் நடக்காது; கோடையில் அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலக்காமல் தனியே கிடந்து மூச்சுக்காற்று தீர்ந்துபோகும். அதனால் விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். பாசி மெத்தைமேல் ரப்பர்த் தவளையைத் துள்ளவிட்டு, ஒரு ஓட்டை வந்ததும் நிறுத்துவார்கள். தண்ணீர் வெடிப்பது அங்கேதான்.

அந்தப் பாசி மெத்தையிலும் ஒரு பயணக்கதை உண்டு. இன்று புளோரிடா ஏரிகளில் பாஸுக்கு நிழல் தரும் ஹைட்ரில்லா அமெரிக்கச் செடி அல்ல. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து புளோரிடாவின் டாம்பா நகருக்கு வந்தது. அங்கிருந்து தப்பிக் கால்வாய்களுக்குள் புகுந்தது. படகோட்டிகளும் நீர்ப்பாசனத் துறையும் அதைச் சபிக்கிறார்கள். தூண்டில்காரர்களில் பலர் அதன் ஓரத்திலேயே படகை நிறுத்துகிறார்கள். தன் சொந்த ஊரிலேயே இந்த மீன் அயலூர்ச் செடியின் நிழலில்தான் நிற்கிறது.

மீனைச் சுமந்து செல்லும் பழக்கம் அமெரிக்காவில் ரயிலோடு வளர்ந்தது. 1854இல், லார்ஜ்மவுத்தின் தம்பியான ஸ்மால்மவுத் பாஸில் சுமார் முப்பதை, ரயில் இஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டிக்குள் துளையிட்ட வாளியில் தொங்கவிட்டு, அப்பலாச்சியன் மலையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். அவற்றை விட்ட இடம் மேரிலாந்தின் கம்பர்லாந்தில் ஒரு கால்வாய்த் தேக்கம். அங்கிருந்து பொடோமாக் ஆறு முழுக்க மீன் பரவியது. 1871இல் மத்திய அரசு மீன்வள ஆணையத்தை நிறுவியபின் இந்த வேலை அரசாங்கத்தின் வேலையாகிவிட்டது. மீனுக்கென்றே தனி ரயில் பெட்டிகள் ஓடின.

புளோரிடா பாஸின் பெரிய பயணம் 1959இல். புளோரிடாவின் பென்சகோலாவிலிருந்து குஞ்சுகள் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகருக்குப் போய், மேல் ஓட்டாய் நீர்த்தேக்கத்தில் இறங்கின. அந்த நகரத்தில் மழை குறைவு. அதன் குடிநீர் ஏரிகள் சிறியவை. அங்கே மீன் இத்தனை பெருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1973இல் மிராமர் ஏரியில் ஒரு பாஸ் 20 பவுண்டைத் தாண்டியது. சாப்பாடுதான் காரணம். குளிர்காலத்தில் தூண்டில்காரர்கள் பிடித்து மகிழட்டும் என்று அந்த ஏரிகளில் பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட்டை லாரி லாரியாகக் கொட்டுவார்கள். கொழுத்த, பயமறியாத மீன். அதை மனிதர்கள் பிடிப்பதற்கு முன்பே பாஸ் பிடித்தது.

ஜப்பானுக்குள் பாஸ் வந்தது அதற்கும் முன்பு. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய தொழிலதிபர் தெத்சுமா அகாபோஷி, பிடிக்க விறுவிறுப்பாகவும் தின்ன ருசியாகவும் உள்ள மீன் தன் நாட்டுக்கும் வேண்டும் என்று நினைத்தார். 1925இல் முறைப்படி அனுமதி வாங்கி, ஹகோனே மலையில் உள்ள ஆஷி ஏரியில் விட்டார். வேறு நீர்நிலைகளுக்கு எளிதில் தப்பிப்போக முடியாத இடம் என்பதால்தான் அந்த ஏரியைத் தேர்ந்தார்கள். ஏரி மீனைத் தடுத்தது. வாளி கொண்டுவந்தவர்களை யாரும் தடுக்கவில்லை. 1970களில் பாஸ் பிடிப்பது இளைஞர்களின் மோகமாக மாறியபோது, ஊருக்கு ஊர் குளத்தில் மீன் முளைத்தது. பீவா ஏரியில் 1974இல் முதன்முதலாகப் பாஸ் இருப்பது உறுதியானது. பின்னாளில் புளோரிடா கிளையின் மரபணுவும் அங்கே கலந்திருப்பது தெரியவந்தது.

இதற்கிடையே, யாரும் திட்டமிடாமல், பாஸுக்கு உரிய சாப்பாடும் ஜப்பான் வந்து சேர்ந்தது. 1960இல் பட்டத்து இளவரசர் அகிஹிதோ அமெரிக்கப் பயணம் போனார். சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி அவருக்கு அளித்த பரிசுகளில் ப்ளூகில் மீன்களும் இருந்தன. உள்ளங்கை அகல, தட்டை உடம்பு மீன். இளவரசரே மீனியல் ஆராய்ச்சியாளர். நாட்டுக்கு உணவாகலாம் என்று மீன்வளத் துறை ஆய்வகத்துக்குக் கொடுத்தார். வளர்ப்பிலிருந்து ஏரிகளுக்குப் போக அதற்கு அதிகக் காலம் பிடிக்கவில்லை.

அமெரிக்கக் குளங்களைப் பற்றித் தெரிந்தவருக்கு இந்த ஜோடி புதிதல்ல. 1930களிலிருந்து அலபாமாவின் ஆபர்னில் ஹோமர் ஸ்விங்கிள் பண்ணைக் குட்டைகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். ப்ளூகில் பூச்சியைத் தின்று பெருகும். பாஸ் ப்ளூகில்லைத் தின்று அதன் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். இரண்டும் விவசாயியின் சட்டிக்கு வரும் என்பது அவர் கண்ட கணக்கு. அமெரிக்கக் கிராமங்களில் எண்ணற்ற குட்டைகளில் அந்தக் கணக்குப்படியே மீன் விட்டார்கள். ஜப்பானில் ஒருவர் 1925இல் பாஸைக் கொண்டுவந்தார். இன்னொருவர் 1960இல் ப்ளூகில்லைக் கொண்டுவந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் நினைக்கவில்லை. ஆனால் பீவாவில் இரண்டும் சந்தித்தபோது, நாலு மில்லியன் ஆண்டு வயதான, 670 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரிக்குள் அலபாமாவின் குட்டை ஒன்று கூடிவிட்டது.

குட்டையில் அந்த இரண்டு மீன்கள் மட்டுமே இருக்கும். பீவாவில் வேறு பலரும் குடியிருந்தார்கள். அங்கே மட்டுமே வாழும் மீனினங்கள் பல. அவற்றில் நிகோரோபுனா என்ற கெண்டை வகையை உப்பிலும் சோற்றிலும் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்துத்தான் ஃபுனாசுஷி செய்வார்கள். கரையோர நாணல் பரப்பு குறைந்ததோடு, அந்த நாணலுக்குள் வளரும் குஞ்சுகளைப் பாஸும், முட்டைகளை ப்ளூகில்லும் தின்ன, அந்த மீன் அரிதானது; ஃபுனாசுஷியின் விலை ஏறியது. 2007இல் பீவா ஏரிக்கரை நகரமான ஓட்சுவில் நடந்த கூட்டத்தில், அப்போது சக்கரவர்த்தியாக இருந்த அகிஹிதோ, ப்ளூகில்லைக் கொண்டுவந்தது தான்தான் என்று சொல்லி, நடந்ததற்காக மனம் வருந்தினார்.

அதற்குள் சட்டம் வந்துவிட்டது. ஷிகா மாகாணத்தில் 2003 முதல், பீவாவில் பிடித்த பாஸையோ ப்ளூகில்லையோ திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது. பிடித்த மீனைப் போடக் கரையோரம் பெட்டிகள் வைத்தார்கள். ஏரி அருங்காட்சியகத்தின் உணவகத்தில் பாஸ் டெம்புரா பரிமாறுகிறார்கள். 2005இல் நாடு முழுவதற்கும் வந்த சட்டம் பாஸை உயிரோடு கொண்டுசெல்வதையும் வளர்ப்பதையும் தடை செய்தது. அமெரிக்காவிலோ 1972இல் ரே ஸ்காட் தன் பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடவேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கி, அதை நல்ல தூண்டில்காரரின் இலக்கணமாகவே ஆக்கியிருந்தார். ஒரே மீனை விடுவது ஒரு கரையில் ஒழுக்கம், மறு கரையில் குற்றம். இதில் ஒரு விசித்திரம்: அகாபோஷி முதலில் மீனை விட்ட ஆஷி ஏரியிலும், ஃபுஜி மலையடியில் உள்ள கவகுச்சி, யமனகா, சாய் ஏரிகளிலும் மட்டும் பாஸ் மீன்பிடி உரிமை சட்டப்படி நிலைத்திருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிடிக்க விடுகிறார்கள்.

மீனைத் தொடர்ந்து மனிதர்களும் எதிர்த்திசையில் போனார்கள். ஜப்பானில் பாஸ் பிடித்துப் பழகிய தகாஹிரோ ஓமோரி, அமெரிக்கா போய்க் காரிலேயே தூங்கிக் காலம் தள்ளி, 2004 ஆகஸ்டில் இரு கரோலினா மாநிலங்களின் எல்லையில் உள்ள வைலி ஏரியில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பாஸ் பிடிக்கும் போட்டியின் பட்டத்தை வென்றார். கடைசிச் சில நிமிடங்களில் கிடைத்த மீன்கள்தான் கோப்பையைத் தந்தன. அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஜப்பானியர் அவர்.

ஐந்தாண்டு கழித்து பீவாவில் குரிதா தன் தூண்டிலில் கோத்திருந்த இரை உயிருள்ள ஒரு ப்ளூகில். சிகாகோ மேயரின் பரிசு, அகாபோஷியின் மீன் வகைக்கு இரையாகி, ஜார்ஜியா விவசாயியின் சாதனையை எட்டிப் பிடித்தது. சான் டியேகோவில் டிரவுட், பீவாவில் ப்ளூகில் என்று, இந்த மீன் பெருத்த இடத்திலெல்லாம் அதன் தட்டில் பரிமாறியவர்கள் மனிதர்களே. ஆகவே அந்தப் பத்துக் கிலோவில் மீனின் திறமை எவ்வளவோ, அதே அளவு நாமும் இருக்கிறோம். ஒரு மீனை ஊர் மாற்றுகிறவர் அதன் வாயையும் சேர்த்தே கொண்டுபோகிறார். போன இடத்தில் அந்த வாய்க்கு எது இரையாகும் என்று கேட்காமல் வாளியைக் கவிழ்த்தால், பதில் ஐம்பது ஆண்டு கழித்து வேறு யாருக்கோ போய்ச் சேர்கிறது.