அரசின் கையும் வணிகனின் கணக்கும்

காலணி தைப்பதும் சலவைப்பொருள் செய்வதும் அரசின் வேலையா என்று இன்று கேட்டால் நகைப்பே எழும். ஆயினும், சிங்கப்பூர் அரசு ஒரு காலத்தில் இவ்விரு தொழில்களிலும் பங்குடையதாய் இருந்தது. பறவைப் பூங்கா, தங்குவிடுதி, இரும்பாலை, விமான நிறுவனம் ஆகியனவும் அதன் உடைமைப் பட்டியலில் இருந்தன.

இந்நிலைக்குக் காரணம் வேலையின்மையே. 1965இல் தனிநாடான சிங்கப்பூரில் பெருந்தொழில் தொடங்கும் முதலும் துணிவும் தனியாரிடம் போதிய அளவில் இல்லை. 1968 சனவரியில் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தபோது நெருக்கடி முற்றியது. செம்பவாங் கடற்படைத் தளம் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாக மாற்றப்பட்டது. அதே ஆண்டில் டி.பி.எஸ். வங்கியும் நெப்டியூன் ஓரியண்ட் கப்பல் நிறுவனமும் தோன்றின. அரசு வணிகனானது விருப்பத்தினால் அன்று. வேறு வழியின்மையால் எனலாம்.

சிக்கல் இதற்குப் பின்னரே தலைதூக்கியது. பங்குகள் யாவும் நிதியமைச்சின் பொறுப்பில் இருந்தன. வரி விதிப்பதும் அந்த அமைச்சே. பொருளியல் கொள்கை வகுப்பதும் அதுவே. கடைக்கு உரிமையாளரும் அதுவே. இத்தகைய கலப்பினால் பல நாடுகளில் அரசு நிறுவனங்கள் ஆளுங்கட்சியினர்க்கு வேலை வழங்கும் சத்திரங்களாகிக் கருவூலத்தை உறிஞ்சிய வரலாற்றை நாம் அறிவோம்.

எனவே, ஓன் சுயி சென் நிதியமைச்சராக இருந்த காலத்தில், 1974 ஜூன் 25ஆம் நாள் தெமாசெக் ஹோல்டிங்ஸ் என்னும் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. இத்தீவின் பழம்பெயரே அதற்கு இடப்பட்டது. 35 நிறுவனங்களின் பங்குகள், 35 கோடியே 40 இலட்சம் வெள்ளி மதிப்பில், அதன் கைக்கு மாறின. அமைச்சு கொள்கையைக் கவனிக்கும். தெமாசெக் பங்குதாரராக நின்று இலாபம் கேட்கும். அன்றாட வணிகத்தை ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் அவையும் நடத்தும். சீர்திருத்தத்தின் சாரம் இதுவே. சட்டத்தின் முன் தெமாசெக்கும் ஏனைய நிறுவனங்களைப் போன்றதே; அதுவும் வரி செலுத்த வேண்டும்.

இக்கொள்கையின் கூர்மையை விமான நிறுவனத்தில் காணலாம். மலேசியா–சிங்கப்பூர் கூட்டு விமான நிறுவனம் பிரிந்து, 1972 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, தொழிற்சங்க விருந்து ஒன்றில் பிரதமர் லீ குவான் இயூ, இலாபம் ஈட்டாவிடில் அது மூடப்படும் என்று தெளிவாகக் கூறிவிட்டார். நாட்டுக் கொடியைக் காட்டுவதற்காக விமானம் ஓட்டும் வசதி சிறு நாட்டுக்கு இல்லை என்பது அவர் வாதம். அந்நிறுவனத்தின் தலைவராக 1972 முதல் 1996 வரை வீற்றிருந்தவர் கிள்ளானில் பிறந்த ஜே. ஒய். பிள்ளை.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை அதே காலப்பகுதியில் நிதியமைச்சின் நிரந்தரச் செயலாளராகவும், தெமாசெக்கின் முதல் தலைவராகவும் விளங்கினார். ஏட்டில் மூன்று நாற்காலிகள்; அமர்ந்தவரோ ஒருவர்! அறிஞர் சிலரே இருந்த சிறு நாட்டில் இது தவிர்க்க இயலாததாக இருந்திருக்கலாம். ஆயினும், அன்று அமைப்பைக் காத்தது விதிமுறையைக் காட்டிலும் மனிதரின் நேர்மையே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1985ஆம் ஆண்டின் பொருளியல் சரிவு மறுசிந்தனையைத் தூண்டியது. அவ்வாண்டின் இறுதியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 1993இல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்குகள் குடிமக்களுக்குச் சலுகை விலையில் விற்கப்பட்டன.

உரிமையாளரைக் கண்காணிப்பவர் யார் என்னும் கேள்வி மட்டும் எஞ்சி நின்றது. 1991இன் அரசியலமைப்புத் திருத்தம், தெமாசெக் இயக்குநர்களை அமர்த்தவும் நீக்கவும் அதிபரின் இசைவு தேவை என்றது. பூட்டுக்கு இரண்டாம் சாவி இவ்வாறு கிடைத்தது. ஆனால், பெட்டிக்குள் என்ன உள்ளது என்பதை மக்கள் அறிய வழியில்லை. தனியார் நிறுவனம் என்னும் சட்டச் சலுகையால் தெமாசெக் கணக்கை வெளியிடக் கடமைப்பட்டதன்று. 2002இல் அதன் செயல் இயக்குநரான ஹோ சிங், பின்னர் பிரதமரான லீ சியன் லூங்கின் துணைவியார். இதனால் எழுந்த ஐயவினாக்கள் பல. 2004ஆம் ஆண்டில்தான், தோன்றி முப்பது ஆண்டுகள் கழித்து, முதல் ஆண்டறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

2022இல் எஃப்.டி.எக்ஸ். என்னும் மின்னிலக்க நாணயச் சந்தை வீழ்ந்தபோது தெமாசெக் 27 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டாலரை இழந்தது. இழப்பு நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. தவறான நடத்தை ஏதுமில்லை எனினும், முதலீட்டுக் குழுவினரும் உயர்நிலை நிர்வாகிகளும் கூட்டாகப் பொறுப்பேற்று, ஊதியக் குறைப்புக்கு உள்ளானதாக 2023 மே மாதத்தில் தெமாசெக் அறிவித்தது. எவ்வளவு குறைக்கப்பட்டது என்பது அவ்வறிவிப்பில் இல்லை.