திண்ணைக்கு வந்த ஊசி

புரை முற்றிய கண்ணில் பாப்பாவின் கருமை போய் வெள்ளை தட்டியிருக்கும். “புரை விழுந்துருச்சு” என்று ஊரில் சொல்வது இதைத்தான். தெளிவாக இருக்க வேண்டிய வில்லை பால்போல் வெளுத்துவிட, வெளிச்சம் உள்ளே போக வழியில்லாமல் போகிறது. எந்தச் சொட்டு மருந்துக்கும் இது கரையாது. கத்தியோ ஊசியோ பட்டே ஆக வேண்டும்.

பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இதற்கொரு முறை சொல்கிறது. நோயாளியை உட்கார வைத்து, தன் மூக்கு நுனியையே பார்க்கச் சொல்லி, வாற்கோதுமை மணிபோல் முனையுள்ள சலாகை என்னும் ஊசியை வெள்ளைவிழி வழியாக உள்ளே செலுத்த வேண்டும். கண்ணைத் தாய்ப்பாலால் நனைக்க வேண்டும். பிறகு நெய் தடவிக் கட்டு, மல்லாந்த படுக்கை. தும்மக் கூடாது, இருமக் கூடாது, ஏப்பம்கூட விடக் கூடாது.

பிற்காலத்தில் இந்த ஊசி, ஊர் ஊராகப் போன கண் வைத்தியர்களின் பைக்குள் வந்து சேர்ந்தது. அவர்கள் வில்லையை வெளியே எடுக்கவில்லை. பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். திரை விலகியதும் வெளிச்சம் பாயும். வைத்தியர் விரலை நீட்டி “எத்தனை?” என்பார். பல வருடம் இருட்டில் இருந்தவர் சரியாகச் சொன்னதும் வீடே அழும். கூலியை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சீழ் பிடிப்பதும், கண் அழுத்தம் ஏறி அந்த வெளிச்சமும் அணைவதும் அதற்குப் பிறகு.

பாரிஸில் ஜாக் டேவியல் 1747இலேயே வில்லையை வெட்டி வெளியே எடுத்துக் காட்டிவிட்டார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள், நோயுற்ற கண்களின் ஓவியங்களோடு, சரசுவதி மகாலில் இருக்கின்றன. சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை தொடங்கி, 1844இல் எழும்பூருக்கு இடம் மாறியது. ஆனாலும் ஊசிக்காரர்கள் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூர் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், அவர்கள் கைபட்டுக் கெட்ட கண்களை ஆராய்ந்து 1917இல் ஒரு நூலே எழுதினார்.

ஏன் ஓயவில்லை? மக்களின் அறியாமை என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. கண் தெரியாத கிழவி எழும்பூருக்கு எப்படிப் போவாள்? கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலி போகும். பட்டணத்தில் தங்க இடம் வேண்டும். வைத்தியரோ அவள் வீட்டுத் திண்ணைக்கே வந்தார்.

போய்ச் சேர்ந்தவர்களுக்கும் முழு விடிவு கிடைத்துவிடவில்லை. வில்லையை எடுத்த கண்ணுக்கு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதன் வழியே எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாக, பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். காப்பி டம்ளரை எடுக்கக் கை நீட்டினால், டம்ளருக்கு முன்பே விரல்கள் வெறும் காற்றில் மூடும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு.

1949இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் அங்கே தொந்தரவின்றிக் கிடந்ததைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. நம் ஊர் ஏழைகளுக்கு அது எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

எட்ட வைத்ததில் பெரிய பங்கு மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அவர், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப் பணியில் இருந்தபோதே ஊர்ப்புறங்களில் கண் முகாம் நடத்தினார். ஓய்வு பெற்றதும் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அதன் தொழிற்கூடமான அரோலேப் மதுரையிலேயே வில்லை செய்யத் தொடங்க, 100 டாலரைத் தாண்டிய இறக்குமதிப் பொருள் 10 டாலர் அளவுக்கு இறங்கியது.

ஊசிக்காரர்களின் தொழிலை ஒடுக்கியதில் சட்டத்தைவிட இந்த முகாம்களுக்குப் பங்கு அதிகம் என்றே தோன்றுகிறது. அவர்கள் வந்த வழியிலேயே மருத்துவமும் ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் டார்ச் அடித்துப் பார்த்து, புரை முற்றியவர்களை பஸ்ஸில் ஏற்றிப் போய், அறுவை முடித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் டாக்டரும் விரலை நீட்டி “எத்தனை பாட்டி?” என்றுதான் கேட்கிறார். ஒரு மாதம் கழித்துக் கண்ணைப் பார்க்க அதே ஊருக்கு மறுபடி வண்டி வருகிறது.