ஏக்கருக்கு 288 குழி

வெள்ளவத்தையில் காணிப் பேச்சு என்றால் பேர்ச்சஸ்தான். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் எல்லாம் அந்தக் கணக்கிலேயே விலை பேசுவார்கள். ஆனால் அதே ஒழுங்கையிலுள்ள நொத்தாரிசு கந்தோரில் யாழ்ப்பாணத்துக் காணிக்கு உறுதி முடிக்க வந்தால் பரப்பும் குழியும் வந்துவிடும். அப்படியான ஒரு கந்தோரில் உறுதி எழுதியே எனக்குத் தலை நரைத்தது. 288 என்ற எண்ணில் பிடிப்பு வந்ததும் அங்கேதான்.

வரகுப் பரப்பு ஒன்றுக்கு 18 குழி. அப்படி 16 பரப்பு ஓர் ஏக்கர். பெருக்கினால் 288. நெற்பரப்பு இதைவிடச் சிறியது, 24 சேர்ந்தால்தான் ஏக்கர். 24-ஆலும் 288 மிச்சமில்லாமல் பிரியும். வெள்ளைக்காரரின் ஏக்கரில் இருப்பது 160 பேர்ச்சஸ். ஆகவே வரகுப் பரப்பு ஒன்று சரியாகப் பத்துப் பேர்ச்சஸ், வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வளவு.

160-ஐ உடைத்தால் ஐந்து இரண்டும் ஓர் ஐந்தும் கிடைக்கும். 288-இல் ஐந்து இரண்டும் இரண்டு மூன்றும். 160-க்குக் காரணிகள் 12, 288-க்கு 18. இன்னொரு அழகும் உண்டு: 1, 1×2, 1×2×3, 1×2×3×4 என்ற நாலு பெருக்கத்தின் விடைகளையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், 288 வரும். ஆனால் உறுதி எழுதுகிறவனுக்கு உதவுவது அந்த இரண்டு மூன்றுகள்தான்.

ஏனென்றால் எங்கள் காணிகள் பங்கிலேயே வாழ்கின்றன. அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707-இல் சட்டமாக்கினார்கள். 1806-இன் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானியரும் அதை ஏற்றார்கள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனம் பிரிந்து பிரிந்து இறங்கும். பங்கை விற்பதென்றால் மற்றப் பங்காளிக்கே முதல் உரித்து. அதனால் பிரிபடாத பங்கு எத்தனை குழி என்று துல்லியமாகத் தெரியாமல் பேனையைத் தொட முடியாது.

ஓர் ஏக்கரை வைத்துக்கொள்ளுங்கள். பேரனார் மூன்று பிள்ளைகளுக்கு விட்டார். ஒரு பங்கு நாலு பேருக்குப் போனது. அதில் ஒன்று ஆறு பேருக்கு: ஒருவர் கொட்டாஞ்சேனையில், ஒருவர் ஊரில், மற்றவர்கள் அற்றோணித் தத்துவம் அனுப்பிவிட்டு வெளிநாட்டில். ஆளுக்கு 72-இல் ஒன்று, அதாவது நாலு குழி. அதோடு கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும். இந்த நாலு குழியையே பேர்ச்சஸில் எழுதினால் 2.22 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும். எங்கே நிறுத்துவது என்பதிலேயே பங்காளிகள் முகம் கோணும். மூன்றும் ஒன்பதும் வரும் குடும்பங்களில் குழிக் கணக்கு பெரும்பாலும் பிசகாது.

புதிய அளவைப் படங்கள் ஹெக்டேயரில் வருகின்றன. ஒரு வரகுப் பரப்பு அதில் 0.0253 என்று நிற்கிறது. குழியை விட்டுவிடலாமே என்று இளம் சட்டத்தரணிகள் கேட்கும்போதெல்லாம் நான் மறுத்திருக்கிறேன். பழைய உறுதியோடு புதியதை ஒட்டிப் பார்க்கக் குழி வேண்டும்.

ஐந்து பிள்ளைகள் என்றால் நிலைமை மாறும். 288 ஐந்தால் பிரியாது, ஆளுக்கு 57 குழியும் ஒரு குழியின் ஐந்தில் மூன்றும். பேர்ச்சஸ் அங்கே சுத்தமாக 32 என்று சொல்லும். அந்த உறுதிகளில் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன்.