டைகர் நட்

கோரைக் குடும்பமாகிய சைப்பரேசியைச் சேர்ந்ததும், 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் சைப்பரஸ் எஸ்குலென்டஸ் என்று நாமகரணம் செய்ததுமான ஒரு தாவரத்தின் நிலத்தடிக் கிழங்கே டைகர் நட் எனப்படுவது. ஸ்பெயின் தேசத்தார் இதனைச் சூஃபா என்பர். முப்பட்டைத் தண்டும், உச்சியில் குடைக்கம்பிகளென விரியும் பொன்னிறக் கதிர்களும் உடைய இச்செடி, நம் வயல்களில் களையாக மண்டும் கோரைக்கு நெருங்கிய உறவே. எனினும் கோரைக்கிழங்கு கசந்து மருந்துச் சரக்காக விளங்க, இதுவோ தேங்காயும் பாதாமும் கலந்தாற்போன்ற தித்திப்புடையதாயிருப்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று.

புராதன எகிப்தியர் இதனை விரும்பியுண்டனர் என்பதற்கு, தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறைச் சுவரில், கிழங்கை இடித்து மாவாக்கித் தேனும் கொழுப்பும் சேர்த்துப் பலகாரம் செய்வதாகத் தீட்டப்பட்டிருக்கும் சித்திரமே சாட்சி. இன்று வலென்சியாவை அடுத்த அல்போராயாவின் மணற்பாங்கான நிலங்களில் விளையும் கிழங்கு, அறுவடைக்குப்பின் பல வாரங்கள் உலர்த்தப்பெற்று, கபிலநிறத் தோல் சுருங்கி இனிப்பேறியதும், ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்து ஓர்ச்சாட்டா என்னும் பானமாகப் பருகப்படுகிறது. நைஜீரியாவின் ஹௌசா மக்களும் இஞ்சி முதலியன கூட்டி இத்தகைய பாலைத் தயாரிக்கின்றனர்.

உலர்ந்த கிழங்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பு. அதிற் பெரும்பாலும், ஆலிவ் எண்ணெயிற்போலவே, ஓலிக் அமிலம். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுதி. பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு. இதன் பாலில் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை இல்லாமையால் அது பசும்பால் ஒவ்வாதார்க்கு உகந்ததாயினும், புரதம் குறைவாதலின் குழந்தைகளுக்குப் பசும்பாலின் ஸ்தானத்தில் அதனைக் கொடுத்தல் தகாது.