ஆடை வடிவமைப்பு படித்தவர்களுக்கு: முதலில் வேலை, பிறகு கடை

ஆடை வடிவமைப்பில் டிப்ளோமா முடித்த கையோடு, வீட்டுச் சேமிப்பைப் போட்டுச் சொந்தக் கடை திறப்பது ஆபத்து. வரையத் தெரிவது வேறு. அளவெடுத்து, வெட்டி, சொன்ன தேதியில் தைத்துக் கொடுப்பது வேறு. அதைத் தையல் கடையிலோ ஆடைத் தயாரிப்பு நிறுவனத்திலோ சம்பளத்துக்கு இருந்து பழகுவது நல்லது. வேலை கேட்டுப் போகும்போது வரைபடங்களோடு, தானே தைத்து முடித்த இரண்டு ஆடைகளையும் கொண்டு போகலாம். ஒரு தீபாவளிப் பருவத்தைக் கடந்தாலே துணி விலை, கூலி, சேதாரம் எல்லாம் பிடிபடும்.

பிறகு வீட்டிலிருந்தே சிறிதாகத் தொடங்கலாம். தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக் கட்டணம் 30 ரிங்கிட். வணிகப் பெயருக்கு 60 ரிங்கிட். மூலதனத்துக்கு, இந்தியத் தொழில்முனைவர்களுக்கான தெக்குன் ஸ்புமி கடனுதவி உண்டு. விண்ணப்பிக்கும் முன் வரவுசெலவுக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருப்பது உதவும்.