ஓர் அடிக்குறிப்பின் தடம்

1972 ஆகஸ்ட் மாத ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கர்ரி மூவரும் எழுதிய கட்டுரை ஒன்றில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. ‘அபொப்டோசிஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொடுத்த அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக்குக்கு அதில் நன்றி சொல்கிறார்கள். இதழும் இலையும் உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. நம் ‘வீ’யும் அப்படித்தான்: உதிரும் பூவுக்கு அது பெயர், ‘வீதல்’ என்றால் இறத்தல்.

அந்தச் சொல்லால் அவர்கள் குறித்தது செல் தானே மடிவதை. அதை முதலில் கண்டவர்கள் இவர்கள்தானா? அந்த அடிக்குறிப்பிலிருந்து பின்னோக்கிப் போனேன்.

சொல்லே புதிதல்ல. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் அது செத்த எலும்பு கழன்று விழுவதைக் குறிக்கிறது.

கெர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு அடுத்த தடயம். எலியின் ஈரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையின் கிளைகளை அவர் கட்டிவிட்டார். சில இடங்களில் வழக்கமான நெக்ரோசிஸ்: அடிபட்ட செல் வீங்கி, உடைந்து, அழற்சியைக் கிளப்பும் சாவு. மற்ற இடங்களில் செல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உருண்டைகளாயின. அவற்றில், செரிக்கும் நொதிகளை அடைத்துவைத்திருக்கும் லைசோசோம்கள் உடையவில்லை, அழற்சியும் இல்லை. 1971-இல் இதற்குச் ‘சுருக்க நெக்ரோசிஸ்’ என்று பெயரிட்டார். பெயரில் பாதி பிழை. அதைத் திருத்தத்தான் கிரேக்கப் பேராசிரியர் தேவைப்பட்டார் என்பது என் ஊகம்.

இன்னும் பின்னே, 1885-இல், வால்டர் ஃப்ளெமிங் சிதையும் சூலக நுண்பைகளில் இதே தோற்றத்தை வரைந்து, ‘குரோமட்டோலிசிஸ்’ (செல் கருவிலுள்ள குரோமட்டின் கரைதல்) என்றிருக்கிறார்.

அதற்கும் முன்னே 1842, கார்ல் ஃபோக்ட். மருத்துவச்சித் தேரையின் வளர்ச்சியில் முதுகுநாண் செல்கள் மறைந்து குருத்தெலும்பு இடம்பிடிப்பதைப் பதிவுசெய்தார். இவரே முதல்வர் என்று பல வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. நானும் அப்படியே எழுதிவைத்திருந்தேன். பிறகு அடித்தேன். செல் கருவைச் சாயமேற்றித் துலக்கும் வழக்கம் அவர் காலத்தில் வரவில்லை. செல்கள் இல்லாமற்போனதற்கு அவர் சாட்சி. எப்படிச் செத்தன என்பதற்கு அல்ல.

‘முதலில் கண்டவர் யார்’ என்ற என் கேள்வியே பிசகு என்று புரிந்தது கெர் குழுவினரின் 1973-ஆம் ஆண்டு அட்ரினல் சுரப்பிக் கட்டுரையில்தான். பிட்யூட்டரி அனுப்பும் ஏசிடிஎச் ஹார்மோன் குறைந்தால் எலியின் அட்ரினல் செல்கள் சுருங்கிச் சாகின்றன. ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் சாவு நிற்கிறது. அந்தச் செல்கள் பிழைத்திருப்பதற்கே வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை தேவை! ஃப்ளெமிங்கின் படங்களில் சாவு இருக்கிறது, அதைத் தடுத்துவைப்பது எது என்ற கேள்வி இல்லை.

செல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு தடையை 1988-இல் மெல்பர்னில் டேவிட் வாக்ஸ், சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் காட்டினார்கள். லிம்போமா புற்றுநோயில் கண்டெடுத்த பிசிஎல்-2 என்ற மரபணு, வளர்ச்சிக் காரணி நின்றபின்னும் செல்களைச் சாகவிடவில்லை. ‘சி. எலிகன்ஸ்’ புழு வளரும்போது உருவாகும் 1,090 உடற்செல்களில் 131 தவறாமல் மடியும். 1992-இல் வாக்ஸும் சகாக்களும் அந்த மனித மரபணுவைப் புழுவுக்குள் செலுத்தினார்கள். சாகவேண்டிய செல்களில் சில சாகவில்லை.